வேன் ஒழுகியது, பழி என் சிவப்புக்கு

இத்தனை வருஷம் கழித்தும் யாராவது "சாயம் போயிடுச்சு" என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். யார் தோய்த்த சாயம், நீ பார்த்தாயா, கையால் தொட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. என் மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். அவள் தலையில் யாரும் அந்தப் பழியைக் கட்டினதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு ஒரு சாயப் பட்டறை இருந்தது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கூரைக்கடியில் இரண்டு அடுப்பு, இரண்டு தாமிர அண்டா, பின்னால் கிணறு, நூல் காயப்போட மூங்கில் கழிகள், அவ்வளவுதான். பட்டு முதலாளி நூல் அனுப்புவார், நாங்கள் தோய்த்துக் கொடுப்போம், அது நெசவுக்காரர் வீடுகளுக்குப் போகும். வாசல் பலகையில் என் கணவர் பெயர். கடைக்குப் போய் முதலாளியோடு பேசுவது அவர். மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் அவர் தோய்ப்பார். சிவப்பு மட்டும் நான்.

சிவப்பு லேசுப்பட்டதில்லை. தண்ணீர் கை பொறுக்காத சூட்டுக்கு வரும்போது, சாயம் பிடிக்கப் புளிப்பு ஊற்ற வேண்டும். கொஞ்சம் முந்தினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பிந்தினால் நூலுக்குள் இறங்காமல் மேலேயே நின்றுகொண்டு, பின்னால் புடவை கட்டினவளின் வியர்வையில் வழியும். என் சிவப்பு வழிந்ததில்லை. தோய்த்து அலசினதும் ஒரு நூல் கட்டை எடுத்து ஈரத்தோடு வெள்ளைத் துணியில் சுற்றி அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்துவிடுவேன். மறுநாள் காலையில் துணி வெள்ளையாக இருந்தால்தான் அந்தச் சரக்கு வாசலைத் தாண்டும். ஒரு நாளும் இதை விட்டதில்லை, காய்ச்சலில் கிடந்த நாளில்கூட.

அந்த முதலாளிதான் சென்னையில் ஏலத்தில் ஒரு வேன் எடுத்தார். ஏதோ வெளிநாட்டு ஆபீசில் ஓடி ஓய்ந்த அமெரிக்க வண்டி. முன்னால் மூக்கே கிடையாது. என்ஜின் இரண்டு சீட்டுக்கும் நடுவில், ஒரு இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். அதைவிடப் பெரிய அதிசயம், அதற்கு கிளட்ச் கிடையாது. கியர் தானாகவே மாறிக்கொள்ளும். "இடது காலுக்கு வேலையே இல்லாத வண்டி" என்று டிரைவர் காலை ஆட்டிக் காட்டுவான். ஊரே வந்து எட்டிப் பார்த்தது. முதலாளிக்குத் தலை கால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கடை வாசலில் அந்த வேனுக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம். பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் அவ்வளவு செய்திருக்க மாட்டார்.

எங்கள் நூலும் அந்த வேனில்தான் போய்வந்தது. ஏற்றும்போது நானே கூட நிற்பேன். சாயமில்லாமல் வெளுத்து மட்டும் கொடுக்கும் வெள்ளை நூல் முன்னால், என்ஜின் பெட்டியை ஒட்டி. சிவப்பு கடைசியில், தனித் துணியில் கட்டி. இரண்டுக்கும் நடுவில் பச்சையும் நீலமும். தோய்க்கிறவர்களுக்கு இது பால பாடம். காய்ந்த நூலாகவே இருந்தாலும் சிவப்பை வெள்ளையின் பக்கத்தில் விடக் கூடாது.

ஒருநாள் கடையிலிருந்து ஆள் வந்தது. "ரெண்டு பேரும் வரணுமாம்."

பட்டுக்கடையில் தரை முழுக்க மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருக்கும். அதன் மேல் எங்கள் வெள்ளை நூல் கட்டுகள் நாலைந்து கிடந்தன. எல்லாவற்றிலும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டு. வெள்ளை உடம்பும் அரக்குக் கரையும் வைத்த கல்யாணப் புடவைக்கான நூல் அது. கடையில் இரண்டு நெசவுக்காரர், கணக்கப்பிள்ளை, வெளியூரிலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு பெரிய குடும்பம்.

"இன்னாப்பா இது?" என்று முதலாளி என் கணவரைக் கேட்டார். "உன் சாயம் இப்பிடி ஒழுவுது? நாளைக்கு நான் தெருவுல தலை காட்டணுமா வேணாமா?"

என் கணவர் நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சிவப்பு அவ போட்டதுங்க."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் ஒரு முறை, ஒரே ஒரு முறைகூட அவர் அதைச் சொன்னதில்லை. "உன் சிவப்பு மாதிரி ஊர்ல கிடையாதுப்பா" என்று முதலாளி தோளில் தட்டும்போதெல்லாம் இந்த மனுஷர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவர்தான். கெட்டுப்போன அன்றைக்குத்தான் அது என் சிவப்பாகிவிட்டது. அடப் பாவி என்று வாய்வரை வந்தது. சபையில் எப்படிச் சொல்வது?

"முதலாளி, சிவப்பு கடைசிலதான் இருந்திச்சு, தனியா கட்டி," என்றேன். "அதுவும் காஞ்ச நூலு. காஞ்ச நூல்ல சாயம் எங்கேருந்து சொட்டும்?"

"கண்ணு முன்னாடி கிடக்குது, இன்னும் பேசிக்கினு இருக்கியே. செவப்பா ஒழுவினா சாயம்தாம்மா, வேற இன்னா? இனிமே உங்க பட்டறைக்குச் சிவப்பு கிடையாது. மத்த கலரு வேணா பாக்கலாம்."

புடவை எடுக்க வந்த குடும்பத்தில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். அந்த உச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நூல் கொடுத்துக்கொண்டிருந்த வேறு இரண்டு கடைகளும் சிவப்பை நிறுத்திவிட்டன. என் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சாயக்காரிக்குக் கையில் இருக்கும் பேர் ஒன்றுதான் சொத்து. அது போனால் அண்டா இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

கெட்டுப்போன நூல் கட்டுகளில் ஒன்றை "எடுத்துக்கினு போ" என்று தூக்கிப் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் அதைத் தொடவே மனம் வரவில்லை. மூன்றாம் நாள், என்னதான் தப்பு செய்தேன் என்று பார்த்துவிடலாமென்று வெயிலில் பிரித்தேன்.

அந்தச் சிவப்பு என்னுடையது இல்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஒரு தாய்க்குத் தன் பிள்ளை தெரியாதா? என் சிவப்பு கனமாக, கொஞ்சம் கறுத்து, நூலுக்குள் உட்கார்ந்திருக்கும். இது மேலோட்டமான, கண்ணாடி மாதிரியான சிவப்பு. விரலில் தேய்த்தேன், வழுக்கியது. சாயத்துக்கு ஏது வழுக்கல்? மோந்து பார்த்தால் கருகின எண்ணெய் வாசனை. தண்ணீர் தெளித்தேன். சுற்றியிருந்த வெள்ளை நனைந்தது, பொட்டின் மேல் தண்ணீர் உருண்டு ஓடியது. பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு அலசினேன். நாலு அலசலில் பொட்டு அத்தனையும் போய்விட்டது. பட்டில் ஏறின சாயம் பூந்திக்கொட்டைக்குப் பயந்து ஓடுமா? எண்ணெய்தான் ஓடும்.

ஓடிப்போய்க் கணவரிடம் காட்டினேன். "இது எண்ணெய்ங்க."

"சிவப்பா எண்ணெய் எங்க இருக்குது? சும்மா இரு. இருக்கிற மூணு கலரையும் கெடுத்துடாத."

இதற்கு மேல் அந்த மனுஷரோடு என்ன பேசுவது?

எங்கள் வாசலில் ஒரு வேப்பமரம் உண்டு. எங்களுக்கு நூல் வருவது குறைந்த பிறகும், டிரைவர் மத்தியான வேளையில் வேனை அந்த நிழலில் விட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவான். அப்படி ஒருநாள் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் எதிர்வீட்டுக்காரி கூப்பிட்டாள். "பாருடி, வாசல்லயே ஒழுகிக் கிடக்குது உன் சாயம்."

மண்ணில் சிவப்புச் சொட்டு. நான் சிவப்பு தோய்த்து பத்து நாளாகிறது, இவளுக்கு அதுவும் என் சாயம்! இந்த ஊருக்கே அப்படி ஒரு கண். கறுப்பாக ஒழுகினால் எண்ணெய், சிவப்பாக ஒழுகினால் சாயம். அதற்குமேல் குனிந்து பார்க்க ஒருத்தருக்கும் முதுகு வளையாது. நான் குனிந்தேன். தொட்டேன். அதே வழுக்கல்.

மறுநாள் டிரைவர் வருவதற்காகக் காத்திருந்தேன். வந்து நிறுத்தினதும் கணவரின் பழைய வேட்டி ஒன்றை வேனுக்கடியில் விரித்தேன். அவன் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் வேட்டியில் ஐந்தாறு பொட்டு.

"இது இன்னாடா?"

"எனக்கின்னா தெரியும்க்கா," என்று எங்கேயோ பார்த்தான்.

"உன் வண்டிலேருந்துதானே சொட்டுது?"

"வண்டி கொஞ்ச நாளாவே பேஜார்க்கா. ஆக்சிலேட்டரை மிதிச்சா உறுமுது, நகர மாட்டேங்குது. லேட்டாவுதுன்னு முதலாளி என்னியத்தான் திட்டறாரு."

"அப்ப வா, மெக்கானிக்கிட்ட போவோம்."

ஓரிக்கை போகிற வழியில் ஒரு பாய் கொட்டகை போட்டு லாரி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்காட்டுப் பக்கத்துக்காரர், கை சுத்தமான வேலைக்காரர். கிளட்ச் இல்லாத வண்டியை அவரும் தொட்டதில்லை. வேட்டியைக் காட்டினேன். சிரித்தார். "இன்னாக்கா, எண்ணெய் செவப்பா வருமா? வண்டிக்கு ரத்தமா ஓடுது?"

"கழட்டிப் பாருங்க பாய். என் பொழப்பு போயிருச்சு."

என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். வண்டிக்கடியில் படுத்தார். கியர்ப் பெட்டிக்கு அடியில் சட்டி மாதிரி ஒரு தகடு, சுற்றிலும் போல்ட். கீழே ஒரு தகர டின்னை வைத்துவிட்டு ஒரு பக்கமாக இளக்கினார். சொளசொளவென்று கொட்டியது.

"யா அல்லா! செவப்பு!"

நான் அந்த டின்னை எட்டிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துக்கமில்லை, ஆத்திரம். பத்து நாளாக நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தது இதற்காகவா?

தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த பழைய கார்க் பட்டை காய்ந்து வெடித்திருந்தது. பாய் புதுக் கார்க்கை அளவெடுத்து வெட்டி, பசை தடவி, போல்ட்டைக் குறுக்கு மறுக்காகச் சமமாக முடுக்கினார். வடித்த எண்ணெயை என்னிடமிருந்த வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஒரு சொட்டு சிந்தாமல் அப்படியே திருப்பி ஊற்றினார். அந்த எண்ணெய் இந்த ஊரில் எங்கே கிடைக்கும்?

"முடிஞ்சுதா பாய்?"

"ஒழுவல் நின்னுரும். ஆனா அக்கா, ஒண்ணு சொல்றேன் கோச்சிக்காத. கீழ சொட்டற எண்ணெய் மேல இருக்கிற நூலுக்கு எப்பிடி வரும்? உங்க முதலாளி இதைத்தானே கேப்பாரு?"

நியாயமான கேள்வி. அந்த முதலாளி கட்டாயம் கேட்பார். தரையில் சொட்டுவது வேன், நூலில் சொட்டுவது உன் சாயம் என்று சொல்லி முடித்துவிடுவார். நூலுக்கு வந்த வழியைக் கண்டுபிடிக்காமல் நான் கடைப் படியேற முடியாது.

துணிதான் எனக்குத் தெரிந்த ஒரே சோதனை. வேட்டியில் பொட்டு படாத பக்கத்தைப் பட்டை பட்டையாகக் கிழித்தேன். புதுக் கார்க் போட்ட தகட்டைச் சுற்றி ஒன்று. பக்கவாட்டில் போகும் குழாய் மூட்டுகளில் இரண்டு. என்ஜின் பெட்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே பின்பக்கம் ஒரு குழாய், கியர்ப் பெட்டிக்கு எண்ணெய் ஊற்றுகிற வாய் அதுதான். அளவு பார்க்கிற கம்பியும் அதற்குள்ளேதான் இருக்கும். அதன் கழுத்திலும் ஒன்று கட்டினேன். மூடியைப் போட்டோம். "ஓட்டு," என்றேன்.

வாலாஜாபாத் தாண்டித் தென்னேரி வரைக்கும் போனோம். மத்தியான வெயில். என்ஜின் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தொடை வெந்துவிட்டது. ஏரிக்கரையில் நிறுத்திவிட்டுப் பாய் முதலில் வண்டிக்கடியில் போனார். தகட்டுத் துணி வெள்ளை. குழாய்த் துணி இரண்டும் வெள்ளை. பிறகு பெட்டி மூடியைத் திறந்தார்.

குழாய் வாயில் கட்டின துணி முழுக்கச் சிவப்பு. வாயிலிருந்து நுரை பொங்கி, பெட்டியின் உட்பக்கமெல்லாம் தெறித்து, பின்பக்க இடுக்கு வழியாக வேனின் தரையில் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. சரியாக நான் வெள்ளை நூலை அடுக்கச் சொல்லும் இடத்தில். வெள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று நானே தேடித் தேடி வைத்த இடம்!

பாய் என்ஜினை ஓடவிட்டு, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். "இங்க பாரு. கோடு இங்க இருக்குது. எண்ணெய் எங்க நிக்குது பாரு. ரொம்ப ஜாஸ்தி. பால் மாதிரி பொங்குது. வண்டி நகராம உறுமினது கூட இதனாலதான். எந்தப் புண்ணியவான் இப்பிடி ஊத்தினது?"

டிரைவர் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போனான்.

"உன்னத்தான்டா கேக்கறாரு," என்றேன்.

"முதலாளிதான்க்கா."

"இன்னாது?"

"வெள்ளிக்கிழமை பூஜையில. வெளக்குக்கு எண்ணெய் விடறாப்பல, வண்டிக்கும் எண்ணெய் கொறையக் கூடாதுன்னு சொல்லி, கற்பூரம் காட்டிட்டு இந்தக் குழாய்ல ஒரு டம்ளர் ஊத்துவாரு. ஃபாரின் டின்னு. அலமாரில பூட்டி வச்சிருக்காரு. யாரையும் தொட உட மாட்டாரு."

"அளவு பாத்துட்டா ஊத்துவாரு?"

"சாமிக்கு ஊத்தறதுக்கு அளவு எதுக்குன்னுவாரு."

"எத்தனை வெள்ளிக்கிழமை?"

"வண்டி வந்ததுலேருந்து."

"ஊத்தறது செவப்பா இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தட்டைப் புடிச்சுக்கினு பக்கத்துலதானக்கா நிப்பேன்."

"அப்ப ஏன்டா வாயைத் தொறக்கல? என் பேரு நாறிக்கினு இருந்திச்சே!"

"முதலாளியே சாயம்னு சொல்லிட்டாரு. நான் இன்னா சொல்றது?"

அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவனை அடித்து என்ன ஆகப்போகிறது? தன் கையால் சிவப்பு எண்ணெயை ஊற்றுகிறவர், சிவப்பாக ஒழுகினால் சாயம்தான் என்று சபையில் சொல்கிறார். பொய்யென்று நினைத்துச் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவருக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. வெளிநாட்டு எண்ணெய் ஒழுகாது, பிள்ளையார்பாளையத்துப் பொம்பளையின் சாயம்தான் ஒழுகும்.

பாய் ரப்பர் குழாயை விட்டு, உறிஞ்சி, கோட்டுக்கு நிற்கும்வரை எண்ணெயை வெளியே எடுத்தார். அவ்வப்போது என்ஜினை ஓடவிட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டார். எடுத்தது ஒரு சொம்பு வழிய வழிய வந்தது. குழாய் வாயில் இருக்கவேண்டிய ரப்பர் அடைப்பும் மக்கிப் போயிருந்தது. பழைய டியூபில் ஒன்று வெட்டிப் பொருத்தினார். புதுத் துணி கட்டிக்கொண்டு திரும்பினோம். வண்டி முனகாமல் வந்தது. ஓரிக்கையில் திறந்து பார்த்தோம். துணி வெள்ளை.

அந்தச் சொம்பையும், பாயையும், டிரைவரையும் அழைத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். வழியில் பட்டறையில் நின்று கணவரையும் கிளப்பினேன். என் சிவப்பில் ஒரு கட்டும் எடுத்துக்கொண்டேன்.

கடையில் அன்றும் கூட்டம். நல்லது என்று நினைத்துக்கொண்டேன். சிவப்புக் கட்டைச் சொட்டச் சொட்டத் தண்ணீரில் முக்கி அந்த வெள்ளை விரிப்பின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கினேன். கணக்கப்பிள்ளை பதறினார். எடுத்தேன். ஈரம் மட்டும் இருந்தது. பக்கத்தில் சொம்பிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். சிவப்பாகப் படர்ந்தது.

"முதலாளி, இது என் சாயம். இது நீங்க வெள்ளிக்கிழமை ஊத்தற எண்ணெய். எது ஒழுவுதுன்னு நீங்களே சொல்லுங்க."

பாய் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். முதலாளி குனிந்து அந்தச் சொட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஃபாரின் எண்ணெய்ப்பா அது..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"தெரியாம உன் சாயத்து மேல பழி போட்டுட்டேன்பா. மனசுல வச்சுக்காத. உன் சிவப்பு சிவப்புதான்."

"பரவால்லீங்க முதலாளி," என்றார் என் கணவர். அதே பல்லைக் காட்டிக்கொண்டு!

அவ்வளவுதான். எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. "இன்னா பரவால்ல? ஒழுவுதுன்னு சொன்னப்ப அவ போட்டதுன்னீங்க. ஒழுவலன்னதும் உங்க சிவப்பா? இந்தக் கடையிலதானே சொன்னீங்க, இங்கயே சொல்லுங்க. யாரு போட்ட சிவப்பு இது?"

கடையில் எல்லாரும் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் தொங்கிவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

"அவ போட்டதுங்க," என்றார். "எப்பவுமே அவதான் போட்டா."

முதலாளி அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நாளைக்கு நூல் அனுப்பறேன்மா," என்றார்.

"அனுப்புங்க. கூடவே அந்த டின்னையும் குடுங்க. கற்பூரம் நீங்க காட்டிக்கோங்க. எண்ணெய் என் பட்டறைல இருக்கும். பாய் கம்பியைப் பாத்துட்டுக் கொறையுதுன்னு சொன்னா நான் குடுத்தனுப்பறேன்."

அலமாரியைத் திறந்து அவரே எடுத்துக் கொடுத்தார்.

வேன் இருந்தவரைக்கும் அந்த டின் என் சாய டப்பாக்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கடையிலிருந்து ஆள் வருவான், தலையைச் சொறிந்துகொண்டு. "ஒரே ஒரு டம்ளராம், சாஸ்திரத்துக்காம்." நான் அண்டாவிலிருந்து கையை எடுக்காமலே கேட்பேன்: "பாய் சொன்னாரா?" இல்லை என்பான். "அப்ப கெடையாதுன்னு போய்ச் சொல்லு. அவ சொன்னான்னு சொல்லு."